ஆறு மணிக்குள் ஒரு ஜாமீன்

நீதிமன்றத்தின் தலைமை எழுத்தரான அவள் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். தையல்காரர் ஒருவரின் ஜாமீன் உத்தரவு சிறை அலுவலகத்துக்குப் போயிற்று. ‘கிடைத்தது’ என்று திரையில் பச்சை எழுத்து வந்தது.

இதுவரை உத்தரவுகள் தபால் பையில்தான் போயின. நீதிபதி ஜாமீன் கொடுத்த பிறகும், பை கிளம்பாத காரணத்தால் உள்ளேயே இரவைக் கழித்தவர்களை அவளுக்குத் தெரியும். காவல்துறை, நீதிமன்றம், சிறை மூன்றையும் ஒரே இணைப்பில் கொண்டுவர நிதி கேட்டு எழுதியவள் அவள்தான். எழுதியது திரும்பி வந்தது, மறுபடி எழுதினாள். ஒருவழியாகப் பணம் வந்து, இன்றுதான் முதல் நாள்.

வெளியே பெஞ்சில் தையல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்குச் சிறைக்கதவை அடைத்துவிடுவார்கள். நாளையும் மறுநாளும் விடுமுறை.

ஐந்தைத் தாண்டியும் ‘விடுவிக்கப்பட்டார்’ என்று வரவில்லை. தொலைபேசியை எடுத்தாள். அந்தப் பக்கம் சிறை அலுவலக எழுத்தர், அவளுடைய நாத்தனார்.

“வந்துச்சே அண்ணி, பளிச்சுனு வந்துச்சு. உடனே பிரிண்ட் எடுத்து உங்க கோர்ட்டுக்கே ஆள்கிட்ட குடுத்தனுப்பிட்டேன். சீல் போட்டுத் தந்தா விட்டுடலாம்.”

“அடிப்பாவி! நான் அனுப்புனதை எனக்கே அனுப்புனியா?”

“சீல் இல்லாத பேப்பரை எங்க ஐயா தொடமாட்டாரு. வீட்டுல நாம ரெண்டு பேரும் பேசிக்கறதே அதிசயம், ஆபீஸுங்க மட்டும் உடனே பேசிடுமா?”

சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கணினிக்கு, இணைப்புக் கம்பிக்கு, பயிற்சிக்கு என்று எல்லாவற்றுக்கும் பணம் கேட்டிருந்தாள். கதவைத் திறக்கப்போகிற மனிதரின் பயம் மட்டும் அவள் நினைவுக்கே வரவில்லை.

“ஐயாகிட்ட குடு.”

சிறை அதிகாரி தொண்டையைச் செருமினார். “இனி பேப்பர் வேண்டாம், திரையில வந்தாலே போதும்னு போட்ட ஒப்பந்தத்துல நானும்தாம்மா கையெழுத்துப் போட்டேன். ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கம்ப்யூட்டரையா கூண்டுல ஏத்துவாங்க? என் தலைதானே உருளும்?”

அந்த ஒப்பந்த விதியைச் சொல்லி வாதாடலாம். வாய்வரை வந்தது. ஆனால் இத்தனை வருடம் அவளும் அந்த முத்திரைக்குப் பின்னால் பத்திரமாக நின்றவள்தானே?

“என் பேரை எழுதிக்குங்க சார். உத்தரவை நான் படிக்கிறேன், நீங்க திரையைப் பாருங்க. தப்புன்னா உருளறது என் தலையா இருக்கட்டும்.”

படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அவர் “ம்” கொட்டினார். கடைசி “ம்” கொஞ்சம் தெளிவாகவே ஒலித்தது. “இப்படி ஒரு ஆளு சொன்னா சரிம்மா. திறக்கச் சொல்றேன்.”

அவள் பெஞ்சுக்கு ஓடினாள். “நேரா சிறை வாசலுக்குப் போங்க.”

“பேப்பர் குடுங்கம்மா, கொண்டுபோறேன்.”

“பேப்பர் வேண்டாம். ஓடுங்க!”

திரும்பி வந்தபோது ‘விடுவிக்கப்பட்டார்’ என்று திரை சொன்னது. நீதிபதி போயிருந்தார், அறையில் யாருமில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றாதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாள் பாராட்டுக்காகத்தான் ஏங்குகிறோமோ என்று தன்னையே சந்தேகித்திருந்தாள்.

தொலைபேசி அடித்தது.

“அண்ணி, தையல்காரர் வெளிய போயாச்சு. ‘இவ்வளவு சீக்கிரமா விடறீங்களே, ஏதும் தப்பு நடந்துடலையே’ன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“தப்பெல்லாம் இல்லீங்க, எங்க அண்ணி தொல்லை தாங்கலன்னு சொன்னேன்.”