கானாங்கெளுத்தியை எங்கே வைப்பது

வச்சலாவுக்கு அந்தப் பூனை மேல் கோபம் இல்லை. பூனையைப் பற்றிப் பேச வருகிற ஒவ்வொரு ஆள் மேலும்தான் கோபம். அதை எங்கே வைக்க வேண்டும் என்று கருத்துச் சொல்லாத வாய் கடப்பாக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அதற்கு ஒரு வேளை மீன் தலை போட்ட கை எது என்று கேட்டால் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும்.

பூனையைக் கொண்டுவந்தவள் மகள் அனு. ஈ.சி.ஆர். ஓரத்து டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடந்ததைத் துப்பட்டாவில் சுருட்டி எடுத்து வந்தாள். முதுகில் கறுப்புக் கோடு நெளிநெளியாக ஓடுவதைப் பார்த்து கானாங்கெளுத்தி என்று மீன் பேரையே வைத்தாள். வைத்த கையோடு நர்சிங் படிக்கச் செங்கல்பட்டுக்குப் போய் ஹாஸ்டலில் உட்கார்ந்துகொண்டாள். பேர் வைப்பது சுலபம். மணல் மாற்றுவதும் பால் வைப்பதும் அம்மா தலையில் விழுந்தது. சாயங்காலமானால் போன் வேறு வரும். அம்மா சாப்பிட்டாளா என்ற கேள்வி கடைசியில்தான்.

"கானாங் எங்கம்மா கீது? வெளிய உட்டியா? உடாதம்மா. ரோட்ல பஸ்ஸுங்க எப்டி வருது பாத்தியா? நாய் வேற. உள்ளயே வெச்சிக்கோ."

"உள்ளன்னா எங்கடி? நம்ப வூடு இன்னா பங்களாவா?"

வச்சலா கேட்டதில் தப்பில்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. ஒரு ஹால், ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. நடுராத்திரி எழுந்து கடலுக்குப் போய்விட்டு வந்து பகலெல்லாம் தூங்குகிற மனுஷன் அந்த ஹாலில்தான் தூங்க வேண்டும். அவன் கால்மாட்டில் அரிசி டிரம், தலைமாட்டில் டி.வி. இதில் பூனைக்கு எங்கே பட்டா போட்டுக் கொடுப்பது?

அவள் புருஷன் காத்தவராயனுக்கோ இதெல்லாம் ஒரு பேச்சே இல்லை. "பூனன்னா வெளியதான் சுத்தும். கட்டிப்போட அது இன்னா ஆடா?" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டான். சரி என்று வச்சலாவும் கதவைத் திறந்துவிட்டாள்.

திறந்துவிட்ட பூனை நேராக விஜயகுமாரியின் வாசலுக்குப் போனது. வேறு எங்கே போகும்? விஜயகுமாரி காத்தவராயனின் அக்கா. பக்கத்து வீடு. வாசலில் சிமெண்ட் தளம் போட்டு அதில் நெத்திலி காயவைத்து விற்கிறவள். ஒருநாள் செய்யூரிலிருந்து வந்த கருவாட்டு வியாபாரி, காய்கிற மீனுக்கு நடுவில் நாலு காலையும் நீட்டிப் படுத்துக்கிடந்த கானாங்கைப் பார்த்து மூஞ்சியைச் சுளித்தான். அப்புறம் வருகிறேன் என்று வண்டியைத் திருப்பிவிட்டான். அன்றைக்கு விஜயகுமாரி போட்ட சத்தம் ஆலம்பரைக் கோட்டைச் சுவர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"பூன படுத்த கருவாட்ட எவன்டி வாங்குவான்? படுத்தாகூட பரவால்ல, துன்னுகினும் கீது. காலைல கொட்றது ஒண்ணு, சாயங்காலம் வாரறது ஒண்ணு."

"அண்ணி, அது வவுத்துக்கு எவ்ளோதான் துன்னும்?"

"அது வவுத்த கீறியா பாக்க முடியும்? நல்லா கேட்டுக்கோ. இன்னொரு வாட்டி அத்த என் களத்துல பாத்தேன், எங்க வூட்டுக்காரரு இன்ஜின கயட்டிகினு வேற போட் பாத்துக்குவாரு. உன் புருஷன் துடுப்பு போட்டுகினு போவட்டும்."

அது லேசான மிரட்டல் இல்லை. பைபர் போட் காத்தவராயனுடையது. அதில் மாட்டியிருக்கும் இன்ஜின் விஜயகுமாரியின் புருஷன் திருவேங்கடத்துடையது. வலை இரண்டு பேருக்கும் பொது. மாமனும் மச்சானும் சேர்ந்து போகிற வரைக்கும்தான் அது தொழில். பிரிந்தால் ஒருத்தனிடம் வெறும் போட் இருக்கும், இன்னொருத்தனிடம் வெறும் இன்ஜின் இருக்கும், இரண்டு வீட்டிலும் அடுப்பு சும்மா இருக்கும். ஒரு பூனையால் இப்படி ஒரு வினை வரும் என்று அவள் கனவா கண்டாள்?

புருஷன் எழுந்ததும் சொன்னாள். அவன் பல் துலக்கிக்கொண்டே யோசித்தான்.

"அக்கா சொல்றதும் நாயந்தான. உள்ளயே போட்டு வெய்யி."

"வெளிய சுத்தட்டும்னு நீதான சொன்ன?"

"அது அப்போ."

அதற்கு மேல் அவனிடம் என்ன பேசுவது? அன்றைக்கே கதவைச் சாத்தினாள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாள். பழைய பெயிண்ட் டப்பாவைக் குறுக்கே அறுத்து மணல் கொட்டி மூலையில் வைத்தாள். கானாங் அந்த மணலை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் வேலையை முடித்துக்கொண்டு வந்தது.

அந்த ஒரு மாசத்தை வச்சலா யாருக்கும் வேண்டாம் என்பாள். பூனை கதவுக்கு அடியில் உட்கார்ந்து, காசு கொடுத்து அழவைத்த மாதிரி, விடாமல் அழுதது. அது கத்துகிற நேரம் பார்த்துத்தான் காத்தவராயனுக்குத் தூக்கம். அவன் செருப்பை எடுத்து வீசுவான். செருப்பு டி.வி. மேல் விழும். திட்டு வச்சலா மேல் விழும். அவள் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கதவை ஒரு சாண் திறந்து, காலால் பூனையைத் தள்ளி, உடம்பை ஒருக்களித்து வெளியே வருவதற்குள் ரோட்டில் ஷேர் ஆட்டோ போய்விடும். அதன் நகம் புடவையில் நூல் நூலாக இழுத்துவிட்டது. வீட்டுக்குள் நாற்றம் வேறு. அனுவுக்கு மட்டும் ஏக சந்தோஷம். "சூப்பர்மா, அப்டியே வெச்சிக்கோ" என்று போனில் முத்தம் கொடுத்தாள். வச்சலாவுக்கு அந்த போனைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போல் இருந்தது.

ஒரே ஒரு நன்மை. விஜயகுமாரியின் வாய் அடங்கியிருந்தது. நெத்திலியைப் பற்றி அப்புறம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வச்சலாவைப் பார்த்தால் குனிந்து மீனைக் கிளறிக்கொண்டிருப்பாள். இந்த அமைதிக்குத்தானே இவ்வளவு பாடு என்று வச்சலாவும் பல்லைக் கடித்துக்கொண்டு போவாள்.

ஒருநாள் காத்தவராயன் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தான். "இத்தோட ஒரே பேஜாரா கீது. ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றான். வச்சலாவுக்கு வந்த பதிலை அவள் முழுங்கிக்கொண்டாள். அப்போதுதான் வலைக்கொட்டாய் ஞாபகம் வந்தது. இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஓலை போட்டுத் தகரக் கதவு வைத்த கொட்டாய். வலை, மிதவை, கயிறு எல்லாம் அதில்தான். எலி வேறு ஓடுகிறது என்று திருவேங்கடம் புலம்பிக்கொண்டிருந்தார். பூனை உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை; காற்று வரும், எலியும் கிடைக்கும். இப்படி ஒரு யோசனை முன்னாலேயே வராமல் போனதே என்று தன்னைத்தானே நொந்துகொண்டு, பூனையைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுக் கதவைச் சாத்தினாள். புருஷன் தலையை ஆட்டினான். திருவேங்கடம் தலையை ஆட்டினார். அந்த ராத்திரி வச்சலா நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் ஆண்கள் இரண்டு பேரும் கரைக்கு வந்ததும் இறால் வலையைக் கொட்டாயில் விரித்து வைத்தார்கள். இறால் ஓட ஆரம்பித்துவிட்டது என்று பேச்சு. விடிகாலையில் எடுத்துக்கொண்டு போவதற்காக மிதவையும் ஈயமும் கட்டி, மடிமடியாக அடுக்கி வைத்துவிட்டு, டீசல் வாங்கக் கிளம்பினார்கள். கண்ணாடி மாதிரி மெல்லிசான நைலான் நரம்பில் பின்னிய வலை. மீன் கண்ணுக்கே தெரியாதது, பூனைக்கு மட்டும் தெரியுமா? இத்தனை வருஷமாக வலையோடு வாழ்கிற மூன்று பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. வலை என்றால் கடலில்தான் பிடிக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

மத்தியானம் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய வச்சலா கொட்டாய்ப் பக்கம் சத்தம் கேட்டு ஓடினாள். கானாங்கின் முன்னங்கால் வலைக் கண்ணுக்குள் போய், அது உருண்டு புரண்டு இழுத்த இழுப்பில் பத்துச் சுற்று முறுக்கிக்கொண்டிருந்தது. நரம்பு சதைக்குள் இறங்கியிருந்தது. பாதம் வீங்கிப்போய்விட்டது. விரலை விட்டு நெகிழ்த்தப் பார்த்தாள். ஒரு பக்கம் தளர்ந்தால் இன்னொரு பக்கம் இறுகியது. பூனை கத்தக்கூட முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது.

மீன் கூடையில் அரிவாள்மனையோடு கட்டியிருந்த சின்னக் கத்தி கைக்கு எட்டியது. எடுத்துவிட்டு நின்றாள். அறுத்தால் இது பொது வலை. நாளைக்குப் போகிற வலை. இன்ஜினைக் கழட்டுவதற்கு விஜயகுமாரிக்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? அறுக்காமல் விட்டால் இந்தக் கால் போய்விடும். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. உள்ளே வை, வெளியே விடு என்று சொன்ன அத்தனை பேரும் இப்போது எங்கே போனார்கள்? ஒரு கையால் பூனையை அமுக்கிக்கொண்டு இன்னொரு கையால் அறுக்கவும் முடியவில்லை. அந்த நேரத்தில் கூப்பிடு தூரத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

"அண்ணி!"

விஜயகுமாரி நெத்திலிச் செதில் ஒட்டின கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். வலையைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள்.

"நீ புடிச்சிக்க அண்ணி. நான் அறுக்கறேன்."

"எங்கிட்ட அடங்குமா அது? நீ புடி. கத்திய குடு."

"நாளைக்குப் போற வலை, அண்ணி."

"எனக்குத் தெரியாதா? கால பாருடி, கால."

வச்சலா பூனையை மடியில் போட்டுப் புடவையால் சுற்றி இறுக்கிப் பிடித்தாள். விஜயகுமாரி ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து அறுக்கிற பொறுமையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. அகப்பட்ட இடத்தையெல்லாம் கத்தியால் இழுத்தாள். கடைசி நரம்பு காலுக்குள் புதைந்திருந்தது. அதை நகத்தால் கிளப்பி அறுத்த நேரம் பார்த்துக் கானாங் அவள் கட்டைவிரலில் பல்லைப் பதித்தது. அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாளே தவிர, அறுப்பதை நிறுத்தவில்லை. கால் விடுபட்டதும் பூனை மூன்று காலில் நொண்டிக்கொண்டு, திறந்திருந்த தகரக் கதவு வழியாக வெளியே போனது.

டீசல் கேனோடு ஆண்கள் வந்து நின்றபோது வலையில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. காத்தவராயன் கேனைக் கீழே வைத்தான்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க? அன்னிக்கே சொன்னேன், அந்தப் பூனய தொலைச்சிட்டு வேலையப் பாருன்னு. வலையில கைய வெக்கறதுக்கு உனக்கு யாரு..."

"நான்தான் அறுத்தேன்" என்றாள் விஜயகுமாரி.

திருவேங்கடம் திரும்பிப் பார்த்தார். "நீயா?"

"ஆமா. இன்ஜின கயட்டப்போறியா?"

அவர் எதுவும் கயட்டவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். நாளைக்குப் போக முடியாது, உட்கார்ந்து முடிச்சுப் போட்டுப் பின்னினால் சரியாகிவிடும் என்றார். பிறகு பெரிய மனுஷத்தனமாக ஒரு கேள்வியும் கேட்டார். "அது கெடக்கட்டும். இனிமே அந்தப் பூனய எங்கதான் வெக்கறது?"

மூன்று பேரும் வச்சலாவைப் பார்த்தார்கள். அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன ஏன் பாக்கறீங்க? உள்ள வெச்சா இவருக்குத் தூக்கம் போவுது. வெளிய உட்டா அண்ணிக்கு மீன் போவுது. கொட்டாயில போட்டா வலை போவுது. எனக்குப் போவறத மட்டும் யாரும் கேக்காதீங்க. ஆளாளுக்குச் சொல்றீங்கல்ல, நீங்களே வெச்சிக்கோங்க. எங்க வேணா வெச்சிக்கோங்க."

விஜயகுமாரி கட்டைவிரலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"வெளியவே உடு."

"உட்டா உன் நெத்திலி போவுமே."

"அது உள்ள கெடந்த மாசம் பூரா என் நெத்திலி போய்கினுதான் இருந்துச்சி. காக்காவோ, நாயோ. எத்தப் போய்க் கட்டிப்போடறது?"

வச்சலாவுக்குக் காதில் விழுந்தது உறைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. "எப்போ தெரியும் உனக்கு?"

"நீ கதவ சாத்தின மொத வாரமே."

"அப்போ ஏன் அண்ணி சொல்லல?"

"அவ்ளோ சத்தம் போட்டேனே. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிகினு வந்து சொல்றது?"

காத்தவராயன் சிரிக்கப் பார்த்தான். வச்சலா பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திக்கொண்டான். அந்த ஒரு மாசத்து நாற்றமும், போன தூக்கமும், வாங்கிய திட்டும், இப்போது போன வலையும் எல்லாம் அவளுக்கு ஒன்றாக ஞாபகம் வந்தது. இந்த மனுஷியை நாலு அறை விடலாமா என்று கை துறுதுறுத்தது. அந்தக் கையால்தான் புடவை முந்தானையைக் கிழித்து, ரத்தம் சொட்டுகிற கட்டைவிரலைச் சுற்றி, வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தியே ஒரு முடிச்சுப் போட்டாள். விஜயகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆட்டோவுக்குப் போன் போடு" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, நாத்தனாரின் முழங்கையைப் பிடித்து ரோட்டுப் பக்கம் இழுத்தாள் வச்சலா. "மொதல்ல ஊசி போட்டுகினு வரலாம், வா. திரும்பி வந்ததும் உன்ன இன்னா பண்றேன் பாரு."

"பண்ணு" என்றாள் விஜயகுமாரி, அவள் பின்னாலேயே நடந்துகொண்டு.