இடது பக்கம் வந்த கன்று

வேன் முதலாளி நரசிம்மன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ம், எடுப்பா" என்றார். ஓட்டப்போவது என் புருஷன் இருசப்பன். ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் அணுபுரத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் இந்த வேனுக்கு அவர் டிரைவர், நான் ஆயா. சுனாமியில் படகு போனதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே நல்ல சேதி இதுதான். இதையும் கெடுத்துத் தொலைக்காதேய்யா என்று பின்னால் உட்கார்ந்து அவர் பிடரியைப் பார்த்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

திட்டாமல் என்ன செய்வது? மீசை முளைக்கும் முன்பே படகில் சுக்கான் பிடித்த கை அது. கடலில் எல்லாம் தலைகீழ். இடது பக்கம் பாறை தெரிந்தால் சுக்கான் கட்டையையும் இடது பக்கமே தள்ள வேண்டும். படகு வலது பக்கம் விலகிப் போகும். ஆபத்து எந்தப் பக்கமோ கையும் அந்தப் பக்கம். யோசித்தெல்லாம் போகாது, கண் பார்த்ததும் கை போய்விடும். அந்தக் கையோடுதான் திருப்போரூரில் டிரைவிங் பழகப் போனார். சும்மா ஓட்டும்போது ஒரு குறை சொல்ல முடியாது. ஒருநாள் நாய் ஒன்று குறுக்கே வர, மகராசன் நாயின் மேலேயே திருப்பியிருக்கிறார். சொல்லிக்கொடுத்தவர் தன் காலடியிலிருந்த பிரேக்கை மிதித்ததால் நாய் பிழைத்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தாம்பாளம்தான் ஸ்டியரிங். நான் ஏதாவது ஒரு பக்கமிருந்து வெங்காயத்தை எறிவேன். அவர் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். சொல்லிவிட்டு எறிந்தால் ஒரு கணம் தயங்கிச் சரியாகத் திருப்புவார். சொல்லாமல் எறிந்தால் கை வெங்காயத்தைத் தேடிப் போகும். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். போன வாரம் முழுக்கத் தப்பே செய்யவில்லை. அந்தத் தைரியத்தில்தான் வந்திருந்தோம்.

நெம்மேலி தாண்டும்வரை அருமையாக ஓட்டினார். நரசிம்மனுக்கே நிம்மதி வந்து, குனிந்து செல்போனில் ஏதோ நம்பர் தேட ஆரம்பித்தார். அப்போது இடது பக்கச் சவுக்குத் தோப்பிலிருந்து ஒரு கன்றுக்குட்டி ரோட்டுக்குப் பாய்ந்தது. என் புருஷன் கை இரண்டும் இடது பக்கம் போனதை நான் பார்த்தேன். வேன் கன்றை நோக்கித் திரும்பியது. பிரேக் அதற்குப் பிறகுதான். கன்று துள்ளித் தோப்புக்குள்ளேயே திரும்பி ஓடிவிட்டது. அதற்கு ஆயுசு கெட்டி.

நரசிம்மன் நிமிர்ந்தபோது வேன் ரோட்டோர மண்ணில் நின்றிருந்தது. ஓடுகிற கன்றின் வால் மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது.

"ஷோக்கா பிரேக் போட்டப்பா. திங்கக்கெழம ரெண்டு பேரும் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் முன்னால் இருந்த கடைக்கு டீ வாங்க இறங்கிப் போனார்.

இவர் இஞ்சினை அணைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"இன்னும் ரெண்டு நாளு கீதில்ல, பழகிடும். அவராண்ட சொல்லிடாத ரத்னா."

எனக்கும் தலையாட்ட ஆசைதான். சத்தியமாக ஆசை. விடியுமுன் கூடையோடு கரையில் நின்று, ஏலக்காரனிடம் பல்லைக் காட்டி நண்டும் நவரை மீனும் வாங்குகிற பிழைப்பு எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஆனால் கால் விரலில் ஏதோ இடறியது. சீட்டுக்கடியில் ஒரு பிள்ளை மறந்துபோன தண்ணீர் பாட்டில். சூர்யா என்று பெயர் ஒட்டியிருந்தது.

எடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் அவருடைய இடது காதை ஒட்டி முன்னால் வீசினேன்.

பாட்டில் கண்ணாடியில் மோதி விழுந்தது. நின்ற வண்டியில் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். அப்படியும் திரும்பிவிட்டது.

அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். ஸ்டியரிங் இடது பக்கம் சாய்ந்து நின்ற வாக்கிலேயே, நரசிம்மன் மூன்று டீ கிளாஸையும் கோர்த்துப் பிடித்துக்கொண்டு, தளும்பாமல் பார்த்துப் பார்த்து, ரோட்டோரமாக இடது பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார்.