பாலத்தடியில் நடந்த கூட்டம்

உயிலங்குளத்தில் மங்கையற்கரசியின் ஒலிபெருக்கிகளைத் தெரியாதவர்கள் இல்லை. கோயில் திருவிழா, மாதா பெருநாள், சாமத்தியச் சடங்கு, செத்தவீடு, எதுவானாலும் அவளிடந்தான் வருவார்கள். கணவன் தம்பு வயலைப் பார்த்தார், அவள் வயர்களைப் பார்த்தாள். ஆனால் மன்னார் நகரத்தில் நடக்கும் பெரிய கூட்டங்களுக்கு மட்டும் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அவற்றுக்கெல்லாம் வவுனியாவிலிருந்து பளபளப்பான பெட்டிகளோடு ஆட்கள் வந்து போனார்கள்.

அந்தத் தை மாதக் கடைசியில்தான் அவளுக்கு வாய்த்தது. கொழும்பிலிருந்து ஓர் அமைச்சர் வருகிறார், நகர மைதானத்தில் மாபெரும் மக்கள் கூட்டம். ஏற்பாட்டுக் குழுவின் செயலாளர் அமிர்தநாயகம் நேரே வீட்டுக்கு வந்து கேட்டார். அவர் இளைப்பாறிய பாடசாலை அதிபர். பேச்சிலே இன்னும் பள்ளிக்கூட மணி அடிக்கும்.

"பிள்ளை, இந்தமுறை எங்கட ஆக்களின்ர சாமான்தான் எண்டு நான் குழுவில சண்டை பிடிச்சுச் சொல்லியிருக்கிறன். என்ர மானத்தைக் காப்பாத்த வேணும்."

"நீங்கள் யோசியாதேங்கோ சேர். தலைமன்னார் வரைக்கும் கேக்கும்."

சொன்னபடி செய்யத்தான் நினைத்தாள். கூட்டத்தன்று காலையில் சாமான்களையெல்லாம் லொறியில் ஏற்றி முடித்தபிறகு, லொறி அசைய மறுத்தது. வழமையாக அவளுக்கு லொறி ஓட்டும் ஜுனைட், கீழே படுத்துப் பார்த்துவிட்டு எண்ணெய்க் கையோடு எழுந்தான்.

"கியர்பொக்ஸ் போயிற்று அக்கா. இது இண்டைக்கு ஓடாது."

ஜுனைட் தாராபுரத்துக்காரன். எந்தச் சிக்கலிலும் அவனுக்கு ஒரு மச்சான் இருப்பான். இந்தமுறை அந்த மச்சானின் பெயர் றுஸ்தி. றுஸ்தியின் லொறி வந்து, ஜெனரேட்டரையும் கூம்பு ஒலிபெருக்கிகளையும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றி, வேர்வையோடு அவர்கள் தள்ளாடி என்ற ஊரின் சந்திக்கு வந்தபோது சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நகரம் இருக்கும் மன்னார்த் தீவுக்குக் கடலைக் கடக்கும் பாலத்து வீதியில் மஞ்சள் தடுப்புகள் குறுக்கே கிடந்தன. பாதுகாப்புக்காகப் பாலம் பூட்டு. கூட்டம் முடியும்வரை அனுமதி ஒட்டிய வாகனங்கள் மட்டுந்தான் தீவுக்குள் போகலாம்.

தடுப்படியில் நின்ற பொலிஸ் சார்ஜன் குருநாகல் பக்கத்து ஆள். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார்.

"அக்கா, பாஸ் எங்க?"

அப்போதுதான் மங்கையற்கரசிக்கு நினைவு வந்தது. பாஸ் இருந்தது. பழுதான லொறியின் முன்கண்ணாடியில் ஒட்டியபடி, உயிலங்குளத்தில் இருந்தது.

"பாஸ் மற்ற லொறியில சேர்."

"அப்ப அந்த லொறி கொண்டு வாங்கோ."

"அது ஓடாது சேர். ஓடுற லொறியிலதான் பாஸ் இல்லை."

சார்ஜன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "பாஸ் இருக்கிற லொறி ஓடாது. ஓடுற லொறிக்குப் பாஸ் இல்ல. நான் என்ன செய்ய அக்கா?"

"முன்கண்ணாடியக் கழட்டிக் கொண்டு வரட்டோ?" என்று ஜுனைட் கேட்டான். மங்கையற்கரசி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"சேர், நாங்கள் கூட்டம் பாக்கப் போற ஆக்கள் இல்லை. மைக்கே நாங்கள்தான். நாங்கள் போகாட்டி அங்க ஒருத்தருக்கும் ஒண்டும் கேளாது."

மனிதர் பொல்லாதவர் அல்ல. வயர்லெஸ்ஸில் மேலிடத்தைக் கேட்டார். சிங்களத்தில் நாலு சொல் வந்தது. "பாஸ் இருந்தா விடு, இல்லாட்டி விடாத," என்று தமிழில் சொல்லிவிட்டு, தன் குற்றம்போலத் தலையைச் சொறிந்தார். மங்கையற்கரசி அமிர்தநாயகத்துக்குப் போன் எடுத்தாள். மணியே போகவில்லை. அமைச்சருடைய பாதுகாப்புக்காக மைதானத்தைச் சுற்றிப் போன்களையும் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார்.

ஜுனைட் விடவில்லை. கரையில் தோணி வைத்திருக்கும் இன்னொரு மச்சானைத் தேடி ஓடினான். போன வேகத்திலேயே திரும்பி வந்தான்.

"பாலத்துக்குக் கீழாலயும் பூட்டாம் அக்கா. நேவிக்காரன் குறுக்க நிக்கிறான். படகெல்லாம் ரெண்டு பக்கமும் நங்கூரம் போட்டுக் கிடக்கு. மச்சான் சோறு தின்னுறான்."

மேலாலும் இல்லை, கீழாலும் இல்லை. சற்று நேரத்தில் வீதியிலிருந்த எல்லாரையும் ஓரமாக ஒதுக்கினார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனங்கள் ஒன்றின்பின் ஒன்றாகக் காற்றாய்ப் பறந்து பாலத்தில் ஏறின. மங்கையற்கரசி கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். மக்கள் வரவேற்கிறார்கள் என்று உள்ளே இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஒரு கண்ணாடி இறங்கி ஒரு கை பதிலுக்கு ஆடியது.

அவள் லொறியின் மிதிபலகையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ வருடம் காத்திருந்த மேடை மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் வாயில்லாமல் நிற்கிறது. அமிர்தநாயகம் சேர் வெறும் மேடையில் நின்று வீதியையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. வவுனியாக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றும் நினைத்தாள்.

இதற்குள் சந்தி நிறைந்துவிட்டது. வவுனியா பஸ், அரிப்பு என்ற ஊர்ப் பக்கத்து வான்கள், மீன் பெட்டி ஏற்றிய மோட்டார் சைக்கிள்கள், மாகாணப் போட்டிக்குப் போய்த் திரும்பும் மாணவிகளின் பஸ் ஒன்று. நிழல் இல்லை. குழந்தைகள் சிணுங்கின, பெரியவர்கள் அரசாங்கத்தைத் திட்டினார்கள். ஐஸ்பழக்கார அப்துல் றசாக்கின் ஓட்டோவுக்கு முன்னால் மட்டும் சண்டை இல்லாத வரிசை நின்றது. எந்தத் தடுப்புக்கும் அடங்காத மன்னார்க் கழுதைகள் நாலைந்து, பொலிஸ்காரர்களைத் திரும்பியும் பாராமல், பாலத்தை நோக்கி நடந்து போயின.

அப்போதுதான் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

"அஸீபா! எண்ட புள்ளயக் காணேல்ல! அஸீபா!"

அரிப்பு வானில் வந்த ஜெஸ்லியா. மகள் இப்போதுதான் பக்கத்தில் நின்றாளாம், நாலு வயது, பச்சைச் சட்டை. ஒரு பக்கம் வாகன நெரிசல், மறுபக்கம் சேறும் கடல்நீரும். ஆட்கள் ஆளுக்கொரு திசையாக ஓடிக் கத்தினார்கள். எல்லாரும் கத்தியதில் ஒருவர் கத்தியது மற்றவருக்குக் கேட்கவில்லை.

மங்கையற்கரசி எழுந்தாள். கண்ணீர் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஜுனைட், ஜெனரேட்டரப் போடு."

அவன் கயிற்றை இழுக்க, லொறியின்மேல் ஏறி ஒரு கூம்பை மட்டும் வயரில் கொளுவி மைக்கை எடுத்தாள். செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் அறிவித்துப் பழகிய குரல் பதறவில்லை.

"எல்லாரும் ஒருக்கா நிக்கிற இடத்திலேயே நில்லுங்கோ. ஒருத்தரும் ஓட வேண்டாம். வாகனம் ஒண்டும் அசைய வேண்டாம். அஸீபா எண்ட சின்னப் பிள்ளையைக் காணேல்லை, பச்சைச் சட்டை. அவரவர் உங்கட வாகனத்துக்குக் கீழயும் உள்ளயும் பாருங்கோ. தண்ணிக்கரையில நிக்கிற ஆக்கள் தண்ணியைப் பாருங்கோ."

சந்தி அப்படியே நின்றது. நூற்றுக்கணக்கான பேர் குனிந்து பார்த்தார்கள். பிறகு அவள் குரலை மாற்றினாள்.

"அஸீபா, செல்லம், உம்மா இங்க லொறிக்குப் பக்கத்தில நிக்கிறா. எங்க இருந்தாலும் வாங்கோ ராசாத்தி."

ஜெஸ்லியா லொறிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தாள்.

தடுப்புக்குப் பக்கத்திலிருந்த பொலிஸ் கூடாரத்துக்குள்ளிருந்து சார்ஜன் வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. கையில் பச்சைச் சட்டையோடு ஒரு சின்னப் பெண், பாதித் தூக்கத்தில், கண்ணைக் கசக்கியபடி. மேசைக்குக் கீழே, துணிவிரிப்பின் மறைவில், நிழல் கண்ட இடத்தில் சுருண்டு படுத்துத் தூங்கியிருக்கிறாள். இரண்டு துப்பாக்கிக்காரர்களையும் ஒரு சார்ஜனையும் தாண்டி அவள் எப்படி உள்ளே போனாள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

"பாஸ் இல்லாமப் போன ஒரேயொரு ஆள்!" என்று ஜுனைட் உரக்கச் சொன்னான். சந்தி முழுவதும் சிரித்தது. சார்ஜனும் சிரித்துவிட்டார். ஜெஸ்லியா பிள்ளையை இறுக்கி அணைத்து ஒரு அடியும் போட்டு, பிறகு லொறிப்பக்கம் ஓடி வந்து மங்கையற்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தான் வந்த வானிலிருந்து ஒரு சட்டி தொதல் இனிப்பை எடுத்து வந்து கொடுத்தாள்.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிற்பாட்டலாமா என்று ஜுனைட் கேட்டான். மங்கையற்கரசி சுற்றிப் பார்த்தாள். சிரித்த முகங்கள் மறுபடி வாடத் தொடங்கியிருந்தன. பாலம் திறக்கப் பின்னேரமாகும் என்று பொலிஸ் சொல்லியிருந்தது.

"நிப்பாட்டாத. எல்லாக் கூம்பையும் கட்டு. ஏத்தின சாமானைச் சும்மா இறக்கக் கூடாது."

முதலில் பாட்டுப் போட்டாள். பிறகு பஸ் பிள்ளைகளின் ரீச்சர் தனுசியா வந்து, தன் மாணவிகள் மாகாணத்தில் இரண்டாமிடம் எடுத்த கும்மி இருக்கிறது, ஆடலாமா என்று கேட்டார். ஆடினார்கள். வீதி நடுவே வட்டம் விரிந்தது. அப்துல் றசாக் ஐஸ்பழம் முடிந்துவிட்டதாக மைக்கில் தானே அறிவித்துவிட்டு, போட்டிக்காரர்போல ஒரு பழைய இஸ்லாமியப் பாட்டைக் கண்ணை மூடிப் பாடினார். மீன்காரர் ஒருவர் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு எடுத்தார். நங்கூரம் போட்டுக் கிடந்த படகுகளிலிருந்து பதில் குரல் வந்தது.

சார்ஜன் தடுப்பை விட்டு மெல்ல மெல்ல லொறிக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, பொதுமக்களுக்கு ஒரு அறிவித்தல் இருக்கு."

மைக்கைக் கொடுத்தாள். வாகனங்கள் இடப்பக்கமாக நிற்கவேண்டும் என்று சொன்னார். பிறகும் மைக்கைக் கொடுக்கவில்லை. தொண்டையைச் செருமினார். அடுத்த நிமிடம் தள்ளாடிச் சந்தியில் ஒரு சிங்களப் பைலாப் பாட்டு எழுந்தது. என்ன குரல்! பஸ் சாரதிகள் கதவில் தாளம் தட்டினார்கள், ஜெஸ்லியாவின் தோளிலிருந்த அஸீபா கைதட்டினாள்.

அவர் மூன்றாவது பைலாவின் நடுவில் நின்றபோது, பாலத்திலிருந்து கறுப்பு வாகனங்கள் திரும்பி வந்தன. ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. சார்ஜன் மைக்கை ஜுனைட்டிடம் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் விறைப்பாகச் சலூட் அடித்தார். தொப்பி லொறியில் இருந்தது.

வாகனங்கள் போன பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளில் அமிர்தநாயகம் வந்தார். போட்டிருந்த சேட் முழுக்க வேர்வை. மங்கையற்கரசி லொறியிலிருந்து இறங்கினாள்.

"சேர், பாஸ் மற்ற லொறியில..."

"தெரியும். கூட்டம் முடியிற நேரந்தான் பொலிசில சொன்னாங்கள்." மேடையில் கத்திக் கத்திக் குரல் கட்டி, கீச்சென்று வந்தது. "உன்னோட கதைக்க முந்தி எனக்கு ஒரு சோடா தா."

சோடாவைக் குடித்து முடித்துத்தான் கதை சொன்னார். மைக் வரும் வருமென்று பார்த்து, கடைசியில் அமைச்சர் தானே கத்திப் பேசத் தொடங்கினாராம். ஐந்து நிமிடத்தில் தொண்டை அடைத்துவிட்டது. அவருக்குப் பிறகு பேச இருந்த எட்டுப் பேரும், கத்தித் தொண்டையைக் கெடுப்பானேன் என்று எழுந்துவந்து நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். விளக்கேற்றினார்கள், மாலை போட்டார்கள், கூட்டம் முடிந்தது.

"சனம் கைதட்டினமாதிரி, நான் பாத்த ஒரு கூட்டத்திலயும் தட்டேல்லை," என்றார் அமிர்தநாயகம். கோபமாகச் சொல்லத்தான் தொடங்கினார். பாதியில் வாய் கோணியது. "அதை விடு. வாடைக்காத்துக்கு உன்ர பாட்டெல்லாம் மைதானத்துக்கு வந்தது. பின்னால நிண்ட சனம் காலால தாளம் போடுது. பாலத்தடியில எதிர்க்கட்சி ஆரும் கூட்டம் வைக்கிறாங்களோ எண்டு அமைச்சர் என்னைக் கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் சேர்?"

"எங்கட மைக் செற்தான், பாலத்தில மறிச்சு வைச்சிருக்கிறாங்கள் எண்டன். மனுசன் சிரிச்சார். சிரிக்கவும் சத்தம் வரேல்லை."

மங்கையற்கரசிக்கு அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, லொறியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அமிர்தநாயகமும் கட்டிய தொண்டையோடு சிரிக்க, அது கழுதை கனைப்பதுபோலக் கேட்டது.

"என்ர மானம் போயிற்று எண்டுதான் வந்தனான் பிள்ளை," என்றார் பிறகு. "ஆனா வாற வழியெல்லாம் சனம் கைகுடுக்குது. கூட்டம் நல்லா இருந்ததாம்."

தடுப்புகளை இழுத்து ஓரம் போட்டார்கள். பாலம் திறந்தாயிற்று. தீவுப் பக்கத்திலிருந்து வந்த வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. இந்தப் பக்கத்தில் ஒருவரும் அசையவில்லை. மாணவிகளின் கும்மி இரண்டாம் முறையாக நடந்துகொண்டிருந்தது. சார்ஜன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். தனுசியா ரீச்சர் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு வரமுடியுமா என்று கேட்டு இலக்கத்தைப் போனில் பதிந்தார்.

"பாலம் திறந்திட்டுது! எல்லாரும் வெளிக்கிடுங்கோ!" என்று மங்கையற்கரசி மைக்கில் சொன்னாள்.

"ஒரு பாட்டு அக்கா! ஒண்டே ஒண்டு!" என்று பஸ்ஸிலிருந்து கத்தினார்கள்.

அவள் அமிர்தநாயகத்தைப் பார்த்தாள். அவர் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றின்மேல் வசதியாக உட்கார்ந்து, ஜெஸ்லியா கொடுத்த தொதலை வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"போடு பிள்ளை," என்றார் கையை ஆட்டி. "கூட்டத்துக்குத்தானே உன்னைக் கூப்பிட்டனான்."