திரும்பி நின்ற முக்கோணம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று பள்ளிக்கூடமே சொல்லும். சொல்லட்டும். கண் தெரியாத பிள்ளையை வடிவியல் நேரத்தில் நூலகத்தில் உட்கார வைக்கலாம் என்று தலைமையாசிரியர் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

"அவளுக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம் டீச்சர்" என்றார்.

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல சார். வெள்ளிக்கிழமை வந்து பாருங்க. அவளால முடியலன்னா நூலகத்துக்கே அனுப்பிடுங்க."

வாயை விட்டாயிற்று. அவளை நாங்கள் 'கேள்வி' என்றுதான் கூப்பிடுவோம். அத்தனை கேள்வி கேட்பாள். கணக்கென்றால் உயிர். "நூலகத்துல நான் என்ன டீச்சர் பண்ணுவேன்? புத்தகத்த மோந்து பாக்கவா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

வீட்டில் பழைய சைக்கிள் டியூப் ஒன்று கிடந்தது. அதை வெட்டி விரித்து, மேலே தாளை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு போட்டேன். தாளைத் திருப்பினால் கோடு புடைத்து நின்றது. அடேயப்பா, என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கரும்பலகையில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தேன். அதையே டியூப் மேல் வைத்த தாளில் அழுத்தி வரைந்து, திருப்பி, கேள்வியிடம் கொடுத்தேன்.

"செங்கோணம் எந்தப் பக்கம்மா இருக்கு?" என்றார் தலைமையாசிரியர்.

அவள் விரல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "வலது பக்கம் சார்."

பலகையில் அது இடது பக்கம் இருந்தது. அவர் பெருமூச்சு விட்டார். "நல்லாத் தடவிப் பாருடி!" என்று கத்தியேவிட்டேன்.

அவள் பதறவில்லை. தாளின் இரண்டு பக்கத்தையும் தடவினாள். "டீச்சர், முன்பக்கம் வரைஞ்சிட்டுப் பின்பக்கத்த குடுத்திருக்கீங்க. அப்ப பலகையில இடது பக்கந்தானே இருக்கு?"

ராத்திரி பகலாக மெனக்கெட்ட என் மண்டைக்கு இது உறைக்கவே இல்லை!

"பேனாவக் குடுங்க டீச்சர்." டியூப் மேல் புதுத் தாளை விரித்தாள். ஸ்கேல் ஓரத்தை விரலால் பிடித்தபடி, வலத்தை இடமாக மனதுக்குள்ளேயே மாற்றி வரைந்தாள். திருப்பித் தலைமையாசிரியரிடம் நீட்டினாள். "கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க சார்."

அவர் மூடினார். அவர் விரல் பாதிக் கோட்டில் திக்கித் திணறி நின்றது. கேள்வி அந்த விரலைப் பிடித்து இடது மூலைக்குக் கொண்டுபோனாள். "இதான் சார்."

இருபது வருஷமாக முக்கோணம் நடத்துகிறேன், ஒரு நாளும் அதன் முதுகைப் பார்த்ததில்லை.

தலைமையாசிரியர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "அடுத்த வடிவியல் வகுப்பு எப்ப டீச்சர்?"

"திங்கக்கிழமை சார்."

"எனக்கும் ஒரு தாள் எடுத்து வைங்க."