துண்டுக்குள் நாலு விரல்

ரெபேக்காள் அக்காவை யாராவது நல்லவள் என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவள்தான். வயிற்றெரிச்சலே அதில்தான். ஒரு கெட்டவள் செய்திருந்தால் நாலு வசவு வைதுவிட்டு மறந்திருப்பேன்.

போடியில் சபைப் பெரியவர் பால்சாமி ஏலக்காய் மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்கு மேல்மாடியில் அக்கா பாட்டு வகுப்பு நடத்தினாள். வாய்விட்டுப் பாடுகிறதைவிட பாட்டின் கணக்கைப் படிக்கிறதுதான் அங்கே அதிகம். முதல் வருஷம் ஏழு சுரமும் தாளமும். அடுத்த வருஷம் அந்த ஏழும் ஆர்மோனியத்தில் எப்படிப் பன்னிரண்டு கட்டையாகிறது என்பது. மூன்றாம் வருஷம், காதால் கேட்டதைக் காகிதத்தில் எழுதுவது. அதற்கும் மேலே, ஐந்து கோடு போட்டு எழுதுகிற முறையைப் படிக்க மதுரைக்குத்தான் போகவேண்டும். நாங்கள் எட்டுப் பெண்கள், எல்லோரும் சர்ச்சில் பாடுகிறவர்கள்.

ஆரம்பத்தில் ஒரு தொல்லை இருந்தது. அக்கா ஒரு கட்டையை அமுக்கி, "என்ன சுரம்?" என்பாள். முதலில் ஒருத்தி எதைக் கத்துகிறாளோ, மற்றவர்களும் அதையே கத்துவோம். சரியான ஆட்டுமந்தை. ஒருநாள் அக்கா கீழே கிட்டங்கியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்தாள். அங்கே வியாபாரிகள் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துத்தான் ஏலக்காய்க்கு விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

"இனிமே பதில் துண்டுக்குள்ளதான்" என்றாள்.

ச என்றால் அவள் கையில் ஒரு விரலைப் பிடிக்க வேண்டும். ரி என்றால் இரண்டு. ஐந்துக்கு மேலே போனால் உள்ளங்கையில் தட்டு. சில சுரங்களில் சின்னது, பெரியது என்று இரண்டு உண்டு; சின்ன சுரத்துக்கு விரல் நுனி, பெரிய சுரத்துக்கு விரலின் அடி. எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் காது என்று ஒன்று உண்டானது.

என் அப்பா சுந்தரராஜ் ஏலக்காய்த் தரகர். விஷயம் கேள்விப்பட்டு அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "எம்மக எங்களைவிட வெரசா விரல் பிடிப்பா" என்று கடைவீதி பூராவும் சொல்லிவைத்தார்.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் நான்தான் வகுப்பு எடுப்பேன். "மதுரைக்கு நீதான் போவே பாக்கியம். இது நான் குடுக்குற வாக்கு" என்று அவளே, நான் கேட்காமலே, என் தலையில் கைவைத்துச் சொன்னாள். நான் நம்பினேன். வேறு யாரை நம்புவது?

ஐம்பத்தாறாம் வருஷம் சபையில் ஒரு முடிவு செய்தார்கள். வகுப்பில் ஒருத்தியை மதுரைக்கு மேல்படிப்புக்கு அனுப்புவது. திரும்பி வந்தால் அவள்தான் பாடகர் குழுவுக்கு ஆசிரியை. அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒன்னைய எடுத்தாகன்னா போ, ஆத்தா. இல்லேன்னா இத்தோட நிப்பாட்டிட்டு காய் சலிக்க வா." எனக்குச் சல்லடையைக் கண்டாலே ஆகாது. ராத்தூக்கத்தில்கூட சுரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தேர்வு அன்றைக்குச் சபைப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் பால்சாமி. ஒவ்வொருத்தியாக விழுந்து, கடைசியில் நானும் அவர் மகள் பொன்னுமணியும் மிஞ்சினோம். அக்கா ச-வை அமுக்கினாள். பிறகு ம-வை. சின்ன ம-வா, பெரிய ம-வா என்பதுதான் கேள்வி. ஒரு கட்டை வித்தியாசம். எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய ம. துண்டுக்குள் அவளுடைய நாலு விரலையும் அடியோடு சேர்த்துப் பிடித்தேன். அடுத்து பொன்னுமணி கைவிட்டாள்.

அக்கா துண்டை உதறி மடித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"பெரிய ம. பொன்னுமணி சரியாச் சொல்லிட்டா. பாக்கியம் சின்ன ம-ன்னு பிடிச்சா."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. படியிறங்கும்போது பொன்னுமணி, பாவம், என் தோளில் சாய்ந்து, "எனக்கே புரியலடி, எப்படியோ சரியாயிருச்சு" என்றாள்.

வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் அழுதேன். அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, என்னையே ஏறிட்டுப் பார்த்தார்.

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய மாத்திச் சொல்ற ஆளு இந்த ஊர்ல கிடையாது, ஆத்தா. சொன்னா மறுநாள் அவன்கிட்ட ஒரு பய காய் போட மாட்டான். டீச்சரு சொல்லுமா? தோத்துட்டா தோத்துட்டேன்னு ஒத்துக்க."

அக்கா கழுத்தை அறுத்தாள் என்றால் அப்பா அதில் உப்பைத் தடவினார். மறுநாளே சல்லடையைப் பிடித்தேன். தேர்வுக்கு முந்தின வாரம்தான் பால்சாமி அக்காவிடம், மேல்மாடியில் இனி மூட்டை அடுக்க வேண்டியிருக்கும், வகுப்புக்கு இடம் இருக்காது என்று சொல்லியிருந்தாராம். பிற்பாடு தெரிந்தது. தேர்வு முடிந்தபின் ஒரு மூட்டைகூட மேலே ஏறவில்லை.

பொன்னுமணி மதுரைக்கு ரயிலேறின அன்றைக்குச் சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் முற்றத்தில் காய் சலித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் கிடந்த அதே துண்டை எடுத்து எங்கள் இருவர் கைமேலும் போட்டாள். உள்ளே என் கையைத் தேடிப் பிடித்தாள். நாலு விரலையும். அடியோடு சேர்த்து, இறுக்கமாக.

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. நான் சரியாகப் பிடித்தது அவளுக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும். ஒரு நொடி எனக்கு அழுகை முட்டியது. அடுத்த நொடி ஆத்திரம்.

"அப்பா, இங்க வாங்க!" என்று கத்தினேன். "அக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்ல வந்திருக்காக."

அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார். "வாங்க டீச்சர். என்ன விசயம்?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். உதடு அசைந்தது.

"ஒண்ணுமில்லண்ணே" என்றாள். "பாக்கியத்தப் பாத்து நாளாச்சேன்னு சும்மா வந்தேன்."

"இருங்க, காப்பி போடச் சொல்றேன்" என்று அப்பா உள்ளே போனார்.

துண்டுக்குள் அவள் கை என் நாலு விரலையும் இன்னும் விடவில்லை. நான்தான் உருவிக்கொண்டு சல்லடையை எடுத்தேன்.