ஃபேனை நிறுத்திவிட்டுப் படிக்கவும்

அந்தத் தெருவில் முதன்முதலில் கூரையின் அடிப்பக்கம் போய் நின்றவர் பால்காரர். வாசலில் கிடந்த உள்ளங்கையளவுப் புத்தகத்தைப் புரட்டியவர், இரண்டாம் பக்கத்தில் செருப்போடு மேலெழும்பி, வராந்தாக் கூரையில் தலைகீழாகக் கால் பதித்து, நாலு பக்கம் படித்துவிட்டு இறங்கினார். "நல்லாத்தான் எழுதியிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் பால் ஊற்றப் போனார்.

புத்தகத்தைப் போட்டவள் தையல்காரரின் சின்ன மகள். அவளும், நர்ஸுக்குப் படிக்கும் தோழியும், பட்டறையில் பெயின்ட் அடிக்கும் திருநம்பி ஒருவரும், அவள் அக்காவும் சேர்ந்து எழுதியது. பதிப்பகத்துக்காரர் ஒருவர், "முக்காடு போட்ட பொண்ணுங்களும் திருநங்கைங்களும் எழுதுனா யாரும்மா படிப்பா?" என்று கேட்டிருந்தார். போங்கய்யா நீங்களும் உங்கள் பதிப்பகமும் என்று ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் அக்காவே அச்சுக்குப் பொறுப்பேற்றாள். அவளைத் தெருவில் நெட்டை என்பார்கள். மகனென்று வளர்த்த தையல்கார அத்தா, மகள் என்று தெரிந்ததும் வாசலோடு நிறுத்திவிட்ட பிள்ளை. தங்கைக்குக் காய்ச்சல் என்றாலும் மாத்திரையை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போவாள். அக்கா நிலைப்படி தாண்டி உள்ளே வர வேண்டும். சின்னவள் இவ்வளவும் செய்தது அதற்குத்தான்.

ஒரே தாளை மடித்து நடுவில் கீறினால் எட்டுப் பக்கப் புத்தகமாகிவிடும். ஆனால் ஜெராக்ஸுக்குப் போகும் தாளில் மேல்வரிசைப் பக்கங்களைத் தலைகீழாக ஒட்ட வேண்டும், மடித்ததும் நேராகும். சின்னவள் தையல்காரர் வீட்டுப் பெண்ணாயிற்றே! பூப்போட்ட துணியில் ஒரு பூகூடத் தலைகீழாகப் போகக்கூடாது என்று பழகிய கை, எல்லாவற்றையும் நேராகவே ஒட்டிவிட்டது. "அடிப்பாவி, பாதிப் புத்தகம் தலைகீழா நிக்குதுடி!" என்று அக்கா கத்தியபோது எல்லாம் மடித்தாயிற்று. புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தால் தீர்ந்தது என்பீர்கள். எழுத்தும் கூடவே திரும்பிக்கொண்டது. ஆள்தான் திரும்ப வேண்டியிருந்தது.

தெருவே திரும்பியது. இமாமின் மனைவி அடுப்படிக் கூரையில் நின்று படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு பிரதி கேட்டனுப்பினார். பலசரக்குக் கடைக்காரருக்கு ஃபேன் தொப்பியைத் தட்டிவிட்டதோடு போயிற்று. அத்தா மட்டும் தொடவில்லை. ஒரு மதியம், "தொழில் தெரியாம எவன்டா ஒட்டினது?" என்ற எரிச்சலில்தான் எடுத்தார். எடுத்தவர் மேலே போய்விட்டார்.

அவர் கண்ணில் பட்டது அக்கா எழுதிய பக்கம். சின்ன வயதில் அத்தா சட்டைக்கு அளவெடுத்தபோது, நான் பையன் இல்லை என்று சொல்ல வாயெடுத்திருக்கிறாள். அவர் உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தார். திடுக்கிட்டு விழுங்கிவிடுவாரோ என்று பயந்து சொல்லாமலே விட்டுவிட்டாள்.

மற்றவர்கள் படித்து முடித்து இறங்கினார்கள். அத்தா முடிக்கவேயில்லை, அதையே திரும்பத் திரும்பப் படித்தார். ஸ்டூல் போட்டும் எட்டாமல் சின்னவள் அக்காவிடம் ஓடினாள். நெட்டை வந்து வழக்கம்போல வாசலிலேயே நின்றாள். அத்தாவின் கண்ணீர் நெற்றி வழியாகத் தரையில் சொட்டியது.

"வாயில ஊசி ஒண்ணும் இல்லம்மா," என்றார். "உள்ள வா. வந்து சொல்லு."

அக்கா உள்ளே வந்து, கையை நீட்டி அவரை இறக்கினாள். இறங்கியதும் முதல் வேலையாகக் கழுத்து நாடாவை எடுத்து அவளுக்குச் சுடிதாருக்கு அளவெடுத்தார்.

அடுத்தடுத்த புத்தகங்களிலும் பக்கங்களை அப்படியேதான் ஒட்டினார்கள். ஃபேனைப் பற்றி அட்டையில் ஒரு வரி சேர்த்ததோடு சரி. இப்போது அந்தத் தெருவில் புதுவீடு கட்டுகிறவர்கள், கூரையின் அடிப்பக்கத்தையும் தரை மாதிரி வழவழப்பாகப் பூசச் சொல்கிறார்கள். வெறுங்காலோடு நிற்க வேண்டுமே.