இடது பக்கம் ஒரு அங்குலம்

ஜூன் 9, திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. குழந்தைகள் மருத்துவமனையின் இரண்டாம் மாடி, நான்காம் எண் அறையில், ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு மலச்சிக்கல் என்று சீட்டில் எழுதப்பட்டது.

வயிறு உப்பியிருக்கிறது, சாப்பிட மறுக்கிறாள் என்று பெற்றோர் சொல்லியிருந்தார்கள். மருத்துவர் கைவைத்துப் பார்த்தபோது குழந்தை கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். பதினைந்து நாள் சிரப் கொடுத்துவிட்டு மறுபடி வரச் சொன்னார். வாசலில் இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

அம்மா தையல்காரி. கடைத்தெருவில், மாடிப்படிக்குக் கீழே, மூன்று மெஷின் போட்ட கடை. பள்ளிச் சீருடையில் பெயரெடுத்தவள். அப்பா பஸ் டிரைவர். மகள் ஒல்லி. கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அக்கா வைத்த 'குண்டூசி' என்ற பெயரே வீட்டிலும் நிலைத்துவிட்டது.

மே கடைசியில் மகளுக்குத் தைத்த சீருடைப் பாவாடை, ஜூன் இரண்டாம் வாரத்தில் முன்பக்கம் இடதுபுறமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. காஜா அக்கா கண்ணில் அது முதலில் பட்டது.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் அச்சடிச்ச மாதிரி தைக்கிற. சொந்தப் பிள்ளைக்கு மட்டும் இப்படிக் கோணலா?"

"அவசரத்துல வெட்டுனது, அக்கா. பிரிச்சுத் தைச்சிடுறேன்."

பிரித்து, கீழ்மடிப்பைச் சரிசெய்து தைத்தாள். நான்கு நாள் கழித்து அதே இடம் தூக்கியது. மறுபடி பிரித்தாள். துணி சரியாக உட்காரவில்லை என்றால் தையல்காரர்கள் துணியைத்தான் சந்தேகிப்பார்கள். உடம்பைச் சந்தேகிக்கத் தோன்றாது. அப்படியே ஒரு வாரம் போய்விட்டது.

ஜூன் 18 அன்று மூன்றாம் முறை பிரிக்கக் கத்தரியை எடுத்தவள், அதை வைத்துவிட்டு டேப்பை எடுத்தாள். அளவு நோட்டில் மகளின் இடுப்பு இருபதரை என்று இருந்தது. இப்போது இருபத்திரண்டு. பிறகு முதுகெலும்பிலிருந்து தொப்புள்வரை ஒவ்வொரு பக்கமாக அளந்தாள். வலது பக்கம் பத்தரை. இடது பக்கம் பதினொன்றரை.

"அம்மா, கூசுது."

"அசையாதடி தங்கம். இன்னும் ஒரே ஒரு தரம்."

மூன்று தரமும் அதே அளவுதான் வந்தது.

கணவன் டூட்டி முடித்து வந்ததும் சொன்னாள்.

"பதினஞ்சு நாள்னு சொன்னாரில்ல? டாக்டரைவிட நமக்குத் தெரிஞ்சிடுமா?" என்றான் அவன்.

"மலச்சிக்கல்னா வயிறு முழுக்க உப்பணும். ஒரு பக்கம் மட்டும் எப்படிங்க?"

"டேப் நழுவியிருக்கும்."

"எனக்கா?"

அவன் செருப்பைக் கழற்றாமலே நின்றான். பிறகு கேட்டான்:

"வெட்டுனதுல தப்பில்லையே?"

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப காலையில போறோம். நான் டூட்டி மாத்திக்கிறேன்."

மறுநாள் அதே அறை, அதே மருத்துவர். அளவு நோட்டை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"டேப் வச்செல்லாம் வியாதி கண்டுபிடிக்க முடியாதும்மா. மருந்தே இன்னும் முடியல. தேவையில்லாம பயப்படுறீங்க."

கணவன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டான்.

"டாக்டர், நாங்க பெருசா படிச்சவங்க இல்ல. ஆனா பன்னண்டு வருஷமா இவ அளவு தப்பி நான் பார்த்ததில்ல. ஒரு ஸ்கேன் எழுதுங்க. ஒண்ணுமில்லைன்னு வந்தா என்னை நல்லாத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். எழுதாம எழுந்திரிக்க மாட்டோம்."

"உள்ள என்னப்பா, குடித்தனமா நடத்துறாங்க?" என்றது வரிசையில் ஒரு குரல்.

மருத்துவர் பெருமூச்சு விட்டார். குழந்தையைப் படுக்க வைத்தார். "நெளியாம இருக்கணும். ஏதாவது பேச்சுக் குடுங்க," என்றார்.

"குண்டூசி, பெரியவளானா என்ன பண்ணப்போற?" என்று அப்பா கேட்டான்.

"பஸ் ஓட்டுவேன்."

"எனக்கு டிக்கெட் எவ்வளவு?"

"உனக்கு ஃப்ரீ. அம்மாவுக்கு அரை டிக்கெட்."

இடது விலா எலும்புக்குக் கீழே மருத்துவரின் கை நின்றது. சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"இந்த இடத்தை இனி யாரும் அமுக்கக்கூடாது," என்றார். ஸ்கேன் அறைக்கு அவரே போன் செய்தார். பிறகு கையை நீட்டி அந்த நோட்டைக் கேட்டு வாங்கினார்.

வெளியே பெஞ்சில் அவள், "ஒரு வாரங்க. பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சிட்டிருந்தேன்," என்றாள்.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

இடது சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி இருந்தது. ஜூன் 27 அன்று சிறுநீரகத்தோடு சேர்த்து அகற்றினார்கள். கட்டி வெளியே பரவவில்லை என்று அறிக்கை வந்தது. ஐந்து மாதம் மருந்து ஏற்றினார்கள். ஜனவரி 5 அன்று குழந்தை பள்ளிக்குப் போனாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறார்கள்.